இழுக்காத காரும் ஹந்தானை ஏற்றமும்

மாவனல்லையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வழக்கமாக மூன்றாம் கியரில் ஏறிவிடும் கார், அன்று மூன்றில் திணறியது. இரண்டுக்கு இறக்கினேன். அக்சிலேட்டரைத் தரை வரை மிதித்தேன். சத்தம் மட்டும் கூடியது. முள் 25 கிலோமீற்றரிலேயே நின்றது. பின்னால் வந்த தனியார் பஸ் ஹோர்னை அமுக்கிப் பிடித்தபடியே கடந்தது. அடுத்து ஒரு லொறி. அதன் பின்னால் நான்கு பேரை ஏற்றிய ஓட்டோ. ஓட்டோவில் இருந்த சிறுவன் எனக்குக் கைகாட்டிவிட்டுப் போனான். அதுதான் சுட்டது.

கடுகண்ணாவை ஏற்றம் பலரைச் சோதித்த ஏற்றம். ஆங்கிலேயர் 1820களில் கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப்பாதை வெட்டியபோது மலையைச் சுற்றிச் சுற்றி ஏற வேண்டியிருந்தது. ஓரிடத்தில் பாறையையே குடைந்தார்கள். பாதையை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் உச்சியில் நிற்கிறது. அது கண்ணில் பட்டால் ஏற்றம் முடிந்தது என்று கணக்கு. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தபோதும் இதே மலைதான் குறுக்கே நின்றது. ரம்புக்கணையில் பின்னாலும் ஓர் எஞ்சினைப் பூட்டி ரயிலைத் தள்ளி ஏற்றினார்கள். என்னைத் தள்ள ஆளில்லை. கோபுரத்தை நான் பார்த்தபோது பின்னால் வாகனங்கள் பெரஹராவாக வந்துகொண்டிருந்தன.

கார் 2007இல் வந்த 1300 சிசி ஜப்பான் வண்டி, கை கியர். இந்த வயதுக் காரை ஏன் வைத்திருக்கிறாய் என்று வெளிநாட்டு உறவினர்கள் கேட்பார்கள். இலங்கையில் இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருந்ததைத் திருத்தித்தான் ஓடினோம். கண்டியில் யாரிடமாவது நல்ல டொக்டரைக் கேட்டால் யோசிப்பார்கள்; நல்ல கராஜைக் கேட்டால் உடனே சொல்வார்கள்.

நான் முதலில் போனது அப்படி யாரும் சொன்ன இடமல்ல. வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கராஜ். "பிளக் போயிருக்கும்" என்றார்கள், நான்கையும் மாற்றினார்கள். "எயார் ஃபில்டர் அடைச்சிருக்கும்", மாற்றினார்கள். பிறகு பெற்றோல் ஃபில்டர். பிறகு இன்ஜெக்டர் கழுவினார்கள். ஒவ்வொரு முறையும் சாவியைக் கையில் தந்து "இப்ப சரி" என்றார்கள். சமதரையில் சரிதான். ஏற்றத்தில் பழைய குருடி கதவைத் திறடி. மூன்று வாரத்தில் நாற்பதாயிரம் ரூபா போனது. அது வைத்தியமில்லை, லொத்தர் சீட்டு என்று நான் விளங்கிக்கொண்டபோது சீட்டுப் புத்தகமே முடிந்திருந்தது.

அதன் பிறகுதான் நண்பர் ஒருவர் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் அனுப்பினார். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த சீமெந்துத் தரை, சுவரில் அளவுவாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள். அறுபதைத் தாண்டிய உரிமையாளரை வாடிக்கையாளர் எல்லோரும் 'நானா' என்றே கூப்பிடுகிறார்கள். காபரேட்டர் காலத்தில் தொழில் பழகியவர். இப்போது கையில் ஸ்கேனரும் இருக்கிறது. உதவிக்கு ஒரு சிங்களப் பையன். அவனிடம் சிங்களத்திலும் என்னிடம் தமிழிலும் இரண்டு மொழியையும் ஒரே மூச்சில் பேசுகிறார்.

"நானா, கார் இழுக்குதில்ல."

"எப்ப தொட்டு?"

"ஒரு மாசமா."

"ஒரே நாள்ல வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சா?"

யோசித்தேன். "கொஞ்சம் கொஞ்சமா."

"காலையில ஸ்டார்ட் பண்ணின உடனயும் அப்படியா, சூடானாப் பொறகா?"

"சூடானாத்தான் மோசம்."

"பெற்றோல் கூடக் குடிக்குதா?"

"ஆமா. முந்தி லீற்றருக்குப் பதின்மூணு ஓடும். இப்ப ஒன்பது."

"எஞ்சின் லைட் எரிஞ்சிச்சா?"

இங்கே நான் கொஞ்சம் மழுப்பினேன். "இப்ப எரியல்ல" என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பொனட்டை அவர் இன்னும் திறக்கவேயில்லை.

திறக்காமலே முதல் சோதனை நடந்தது. "மல்லி, ஜெக்கைக் கொண்டு வா" என்று பையனிடம் சிங்களத்தில் சொன்னார். நான்கு சில்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுழற்றினார்கள். எங்காவது பிரேக் பிடித்தபடியே இருந்தால் சில்லு உடனே நின்றுவிடும். எஞ்சின் எவ்வளவு உழைத்தாலும் அந்தப் பிரேக் தின்றுவிடும். சில்லுகள் சும்மா சுழன்றன. டயர் காற்றைப் பார்த்தார், சரி.

"தம்பி, எஞ்சினுக்குப் பலம் இல்லையா, இல்லாட்டி பலம் ஈக்கி, அது ரோட்டுக்கு வந்து சேரல்லையா? மொதல்ல இதைப் பிரிச்சுக்கொள்ளணும். கிளச் தேஞ்ச வண்டியைக் கொண்டுவந்து எஞ்சினைக் கழட்டச் சொன்னவங்களும் ஈக்கிறாங்க."

கிளச்சைப் பார்க்க ஏற்றம் வேண்டும். கண்டியில் ஏற்றத்துக்கா பஞ்சம்? நகரத்தின் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. நானா தேர்ந்தெடுத்தது ஹந்தானை வீதி. பெரியாஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து தேயிலை நூதனசாலை வரை ஏறும் ஒடுங்கிய பாதை. குறுகிய தூரத்தில் செங்குத்து, வாகனம் குறைவு. "எனக்குப் பலம் அளக்கிற டைனோ மெசின் இல்ல. ஹந்தானைதான் என்ட டைனோ" என்றார்.

புறப்படுமுன் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சொக்கட்டில் ஸ்கேனரைச் செருகினார். எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். திரையில் ஓர் எண் வந்தது: 95.

"இது என்ன தெரியுமா?"

தெரியவில்லை.

"இதுதான் கண்டிக் காத்து."

காற்று உள்ளே போகும் குழாயில் அழுத்தத்தை அளக்கும் சென்சர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். கொழும்பில் இதே சாவியைத் திருப்பினால் 101 கிலோபஸ்கால் வரும். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், ஆகவே 95. நுவரெலியாவில், 1868 மீற்றரில், 81 அளவுக்கு இறங்கிவிடும். டேர்போ இல்லாத எஞ்சினுக்கு வெளிக்காற்றின் அழுத்தம்தான் சாப்பாடு. காற்று மெலிய மெலிய அதே அளவு மிதித்தாலும் உள்ளே போவது குறைவு. கண்டியில் நல்ல எஞ்சினும் கொழும்பில் கொடுத்ததைவிட ஏறத்தாழ 5 வீதம் குறைவாகத்தான் கொடுக்கும். நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். விடுமுறைக்கு மலைநாடு வரும் கொழும்பு நண்பர்கள் இறம்பொடையில் நின்று "கார் இழுக்குதில்ல, என்னவோ பழுது" என்று போன் பண்ணும்போது இதைச் சொன்னால் பாதிப் பேருக்கு நிம்மதி வரும். எனக்கு வரவில்லை. 5 வீதத்துக்காக ஓட்டோ என்னை முந்தாது.

கட்டுகஸ்தோட்டை வீதியால் நகரத்துக்குள் வந்தோம். காலை பத்தரை மணி நெரிசல். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பத்து நிமிடம் அசையாமல் நின்றோம். பக்கத்தில் ஒரு பஸ். முன்வாசல் திறந்திருந்தது, கொண்டக்டர் "இடம் ஈக்கி, ஏறுங்க" என்ற தோரணையில் சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தார். ஏறப் போனவர்கள் படியிலேயே நின்றார்கள், உள்ளே நகர முடியாமல். நானா அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஏன் பார்த்தார் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரியைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. நான் ஓட்ட, நானா திரையைப் பார்த்தார்.

"ரெண்டாம் கியர். முழுசா மிதிங்க. கால எடுக்க வாணாம்."

மிதித்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று வரை போய் அங்கேயே முக்கியது.

"சுத்து தனியா ஏறல்ல. கிளச் வழுக்கினா சுத்து ஏறும், வண்டி ஏறாது. இங்க ரெண்டுமே ஏறல்ல. கிளச் நல்லம். வருத்தம் எஞ்சின்லதான்."

ஒரு வாசல் மூடியது. அடுத்தது பெற்றோல். புகைக்குழாயில் இருக்கும் ஒக்சிஜன் சென்சரின் வோல்ட் கணக்கை நானா காட்டினார். முழுசாக மிதித்திருக்கும்போது அது 0.8க்கு மேலே நின்றால் எஞ்சினுக்குப் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது என்று அர்த்தம். 0.1, 0.2 என்று கீழே விழுந்தால் பசியில் ஓடுகிறது. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் தேட வேண்டும். என் காரில் 0.89.

"பெற்றோல் பம்பை மாத்தச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

"அடுத்த கிழமை மாத்தறதா இருந்திச்சு."

"நல்லவேளை."

மூன்றாவது காற்று. எயார் ஃபில்டரோ, த்ரொட்டில் வாசலோ அடைத்திருந்தால், முழுசாக மிதித்திருக்கும்போது அந்த 95 என்ற எண் 80, 75 என்று இறங்கும். எஞ்சின் உறிஞ்சுகிறது, வெளியிலிருந்து வந்து நிரம்பவில்லை என்று பொருள். என் காரில் 94. உறிஞ்சும் பாதையில் தடையே இல்லை.

தேயிலை நூதனசாலைக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினோம். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அது, 2001இல் நூதனசாலையானது. தோட்டங்களில் ஒருகாலம் ஓடிய பழைய எஞ்சின்கள் உள்ளே இருக்கின்றன. புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்த இரும்பின் வாசனை பழக்கமானது. நானா உள்ளே போகவில்லை; கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

"காத்து வர்ற வாசல் தொறந்து ஈக்கி. பெற்றோலும் ஈக்கி. ஆனா எஞ்சின் நெறையல்ல. ஏன்?"

நான் விழித்தேன்.

"அந்த பஸ்ஸைப் பாத்தீங்களே. முன்வாசல் தொறந்துதானே இருந்திச்சு. ஏன் ஏற ஏலாமப் போச்சு? உள்ள ஈக்கிறவன் பின்வாசலால எறங்கினாத்தானே புதுசா ஒருத்தன் ஏறலாம்?"

எஞ்சின் ஒவ்வொரு முறையும் புதுக்காற்றை இழுக்குமுன் பழைய புகையை வெளியே தள்ள வேண்டும். புகைக்குழாயில் எங்கோ அடைப்பு இருந்தால் பழைய புகையில் ஒரு பங்கு சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த இடத்துக்குப் புதுக்காற்று வராது. ஆனால் அழுத்தத்தைப் பார்த்தே பெற்றோல் அளக்கும் கொம்பியூட்டருக்கு அது தெரியாது. குழாய் நிறையக் காற்று இருக்கிறது என்று நம்பி வழக்கமான பெற்றோலையே ஊற்றுகிறது. காற்று குறைவு, பெற்றோல் கூட. இழுவை போகிறது, லீற்றருக்கு ஓடும் தூரமும் போகிறது. பதின்மூன்று ஒன்பதான கதை இதுதான்.

"இது என்ட ஊகம். ஊகத்துக்கு நான் காசு எடுக்கிறல்ல. போய் அளந்து பாப்பம்."

கராஜுக்குத் திரும்பியதும் இரண்டு அளவு எடுத்தார். முதலாவது, பழைய காலத்து வக்கியூம் மானி. எஞ்சினின் உறிஞ்சு குழாயில் சிறு ரப்பர் குழாயால் பூட்டினார். சும்மா ஓடும்போது முள் 17 அங்குலத்தில் ஆடாமல் நின்றது. கண்டி உயரத்துக்கு அது நல்ல எண். கடலோரத்தில் ஒன்றரை அங்குலம் கூடுதலாக இருக்கும். முள் துடித்தால் வால்வில் கோளாறு என்று சந்தேகப்படுவாராம்; துடிக்கவில்லை. பிறகு 2500 சுற்றில் பிடிக்கச் சொன்னார். முள் 18க்கு ஏறியது. பிடித்துக்கொண்டே இருந்தேன். பதினேழு. பதினைந்து. பன்னிரண்டு. யாரோ மெதுவாக மூக்கைப் பொத்துவதுபோல் இறங்கி, பத்துக்குக் கிட்ட நின்றது. எஞ்சின் குரலும் கம்மியது.

இரண்டாவது நேரடி அளவு. புகைக்குழாயில் முன்பக்கத்து ஒக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பூட்டினார்கள். நல்ல குழாயில் 2500 சுற்றில் சதுர அங்குலத்துக்கு மூன்று இறாத்தலைத் தாண்டக் கூடாது. என் காரில் முள் எட்டைத் தாண்டியது. பையன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். நானா சிரிக்கவில்லை. அடைப்பு எங்கே என்றுதான் இனி கேள்வி. குழாயில் அடைக்கக்கூடிய பெரிய இடம் ஒன்றுதான்: கெட்டலிடிக் கொன்வேட்டர்.

கழற்ற ஒரு மணி நேரம் எடுத்தது. பதினேழு வருடத் துரு. இரண்டு போல்ட் உடைந்தன. வெளியே வந்ததைக் கையில் தந்தார். வெளியிலிருந்து பார்க்க ஒரு சின்ன சைலன்சர். ஒரு பக்கத்தால் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பார்க்கச் சொன்னார். நல்லதாக இருந்தால் நூற்றுக்கணக்கான சிறு சதுரத் துளைகளால் வெளிச்சம் வரும். தேன்கூட்டைச் சூரியனுக்கு எதிரே பிடித்ததுபோல. எனக்கு ஓரத்தில் மட்டும் பிறைபோல் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. நடுவில் இருட்டு. முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். துளைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, அடிப்பிடித்த தொதல்போல் பளபளத்துக் கிடந்தன. விரலால் சுரண்டினேன். கண்ணாடிபோல் வழுக்கியது. ஆட்டியபோது உள்ளே ஒரு துண்டு கடகடத்தது.

இந்தப் பெட்டிக்குள் இருப்பது மட்பாண்ட வகைத் தேன்கூடு. அதன் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டையும் எரியாத பெற்றோலையும் அவை தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகின்றன. ஈயம் பட்டால் பூச்சு செத்துவிடும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்ட பிறகுதான் இதற்கு இங்கே ஒழுங்கான ஆயுள் கிடைத்தது. வழக்கமாக 400 முதல் 800 பாகை சூட்டில் வேலை செய்யும். எரியாத பெற்றோல் அளவுக்கு மிஞ்சி வந்து அதற்குள்ளேயே எரிந்தால் ஆயிரம் பாகையைத் தாண்டி, ஒரு கட்டத்தில் தேன்கூடே உருகும்.

"இது தானா உருகிறல்ல தம்பி. யாரோ பச்சைப் பெற்றோலை உள்ள அனுப்பி ஈக்கிறாங்க. யாரு?"

அப்போது ஒப்புக்கொண்டேன். 2022இல், பெற்றோல் செட் வரிசைகளில் கியூஆர் கோட்டோடு நின்ற காலத்தில், காரில் ஒரு நடுக்கம் வந்தது. எஞ்சின் லைட் மஞ்சளாக எரிந்தது, ஏற்றத்தில் மினுங்கியது. பிளக்குக்குத் தீப்பொறி தரும் கொயில் ஒன்று பழுது, புதுசு கிடைக்காது, வந்தாலும் விலை மூன்று மடங்கு என்றார்கள் அப்போது. லைட்டை அழித்துத் தந்தார்கள். மறுபடி எரிந்தது, மறுபடி அழித்தார்கள். கிழமைக்கு அளந்து கிடைத்த பெற்றோலில் எவ்வளவு ஓடப்போகிறோம் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு பெற்றோல் தாராளமானது. நடுக்கம் பழகிவிட்டது. கடைசியில் அந்த பல்ப் எரியாமலே போனது. அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

நானா டாஷ்போர்டில் பார்த்தார். சாவியைத் திருப்பினால் எல்லா விளக்கும் ஒரு கணம் எரிய வேண்டும். எஞ்சின் விளக்கு மட்டும் எரியவில்லை. யாரோ அதன் பல்பைக் கழற்றியிருந்தார்கள். ஸ்கேனரில் பழைய கோட் இன்னும் கிடந்தது: பி0303. முதல் நான்கு எழுத்தும் 'சிலிண்டர் எரியாமல் தவறுகிறது' என்ற குடும்பத்தைச் சொல்கின்றன. கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்று சொல்கிறது. மூன்றாம் சிலிண்டர்.

இங்கேயும் அவர் உடனே புதுக் கொயில் வாங்கச் சொல்லவில்லை. கொன்வேட்டரைக் கழற்றியபடியே எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கினார். காது கிழிந்தது. மூன்றாம் சிலிண்டரின் கொயிலை முதலாம் சிலிண்டருக்கும், முதலாவதை மூன்றாவதுக்கும் இடம் மாற்றினார். கோட்டை அழித்து மறுபடி ஓடவிட்டார். பத்து நிமிடத்தில் வந்தது பி0301. தவறு கொயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது. பிளக்கோ, வால்வோ, கம்பியோ குற்றவாளியென்றால் அது மூன்றிலேயே நின்றிருக்கும். ஒரு ரூபா செலவில்லாமல் தீர்ப்பு வந்தது. முதல் கராஜில் மாற்றிய நான்கு பிளக்குகளும் பாவம், குற்றமற்றவை.

ஆக, சங்கிலி இதுதான். சூடானால் தவறும் ஒரு கொயில். அதனால் எரியாமல் வெளியேறிய பெற்றோல். அது உருக்கிய கொன்வேட்டர். அதனால் அடைபட்ட புகைவழி. அதனால் போன இழுவை. நான் கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு "இழுக்குதில்ல" என்று அழுதேன். நானா ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய் முதல் கண்ணியைக் கண்டுபிடித்தார். கொன்வேட்டரை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் புதியதும் உருகியிருக்கும்.

இழுவை போவதற்குக் காரணம் இது ஒன்றுதான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நானாவின் கராஜில் அன்று நின்ற டீசல் வானில் டேர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாய் கிழிந்திருந்தது. அது வேறு கதை. இன்னொரு காரில் டைமிங் செயின் இழுபட்டிருந்தது. ஒரு சின்ன ஹைபிரிட்டில் பட்டறிக்குக் காற்று போகும் வழியில் தூசி அடைத்து, சூடாகி, மோட்டார் கைகொடுக்காமல் விட்டிருந்தது. நோய் ஒன்றுபோலத் தெரியும், காரணம் பத்து. ஆனால் கேள்வி வரிசை மாறுவதில்லை: பலம் இல்லையா, வந்து சேரவில்லையா? பெற்றோல் வருகிறதா? காற்று வருகிறதா? தீப்பொறி வருகிறதா? சிலிண்டர் அழுத்தம் பிடிக்கிறதா? புகை போகிறதா? மலிவான சோதனை முதலில், கழற்றும் வேலை கடைசியில்.

பிறகு பணக் கணக்கு வந்தது. புதிய கொன்வேட்டர் விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. அங்கே காத்திருந்த ஒருவர் யோசனை சொன்னார்: "உள்ளுக்கு ஈக்கிறத இடிச்சு எடுத்துட்டு வெறும் பெட்டியப் பூட்டுங்க. இழுவையும் வரும், பழைய கூட்டை வாங்கவும் ஆள் ஈக்கி." உண்மைதான், அந்த மூன்று உலோகங்களுக்காக வாங்குபவர்கள் உண்டு. நானாவிடம் கேட்டேன்.

"செய்ய ஏலும். நான் செய்றல்ல."

கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வெளியே காட்டினார். வீதியில் வாகனங்கள் முட்டி நின்றன. அதற்கப்பால் மலை, மறுபக்கமும் மலை. கண்டி ஒரு கிண்ணம். சுற்றிவர மலை இருப்பதால் புகை காற்றில் கலைந்து போகாமல் அடியிலேயே தங்குகிறது. காலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடக்கும் அதே வீதியில்தான் அதுவும் தங்குகிறது. 2008இலிருந்து வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனை வந்ததும் இதற்காகத்தான். கூட்டை இடித்தெடுத்த கார் அதில் விழும் வாய்ப்பு அதிகம். விழாவிட்டாலும், புகை குழந்தைகளின் நெஞ்சில் விழும்.

ஜப்பானிலிருந்து கழற்றி வந்த, வெளிச்சம் முழுதாகத் தெரிந்த ஒரு பழைய கொன்வேட்டரை நாங்கள் இருவரும் டோர்ச் அடித்துப் பார்த்து வாங்கினோம். ஒரு புதுக் கொயில். ஒரு பல்ப். முதல் கராஜில் நான் கொடுத்ததை இதோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று மனைவி சொன்னாள்.

பூட்டியபின் மறுபடி அளந்தார். 2500 சுற்றில் வக்கியூம் 18இல் ஏறி அங்கேயே நின்றது. புகைக்குழாய் அழுத்தம் ஒன்றுக்குக் கீழே. ஹந்தானையில் இரண்டாம் கியரில் சுற்று 5000ஐத் தாண்டியபோது நானா, "போதும், தேயிலைச் செடியில ஏத்திப்போடாதீங்க" என்றார்.

மறுநாள் சும்மாவே கடுகண்ணாவைக்குப் போனேன். கீழே மாவனல்லை வரை இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, திரும்பி ஏறினேன். மூன்றாம் கியர். கற்குகையடியிலும் மூன்றுதான். டோசன் கோபுரம் தெரிந்தபோது முன்னால் ஓர் ஓட்டோ போய்க்கொண்டிருந்தது. முந்தவில்லை, பின்னாலேயே போனேன். முந்த முடியும் என்று தெரிந்தால் போதுமாக இருந்தது.

உங்கள் காரும் ஏற்றத்தில் திணறினால் கராஜில் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: "எதைச் சோதித்துப் பார்த்தீர்கள்?" அதற்குப் பதில் இல்லாமல் சாமான் பெயர் ஒன்றைச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கராஜுக்குப் போங்கள். இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள்: எஞ்சினை முடுக்காமல் சாவியைத் திருப்பி, அந்த மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஓட்டும்போது அது மினுங்கினால் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்துங்கள். விளக்கை அழித்துத் தரச் சொல்லாதீர்கள்.